வெடிக்காத ஓண்டே ஓண்டே

ஓண்டே ஓண்டேயை வாயை மூடிக்கொண்டுதான் கடிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் கையில் இந்தப் பலகாரத்தைக் கொடுக்கும்போதே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பாதியைக் கடித்து மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நம் சட்டையும் போச்சு, எதிரே நிற்பவர் சட்டையும் போச்சு. ஒரே வாயில் அடங்கும் பச்சை உருண்டை. மேலே உப்புப் போட்ட தேங்காய்த் துருவல், உள்ளே உருகி நிற்கும் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம். பல் அழுந்தியதும் பாகு பீறிட்டு வாயை நிரப்பும். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கொழுக்கட்டைக்குள் பூரணம் சாதுவாக உட்கார்ந்திருக்கும்; இதற்குள் அது சமயம் பார்த்துக் காத்திருக்கும்.

ஜாவாவில் இதையே கிளெப்போன் என்பார்கள். அங்கே போய் ஓண்டே ஓண்டே கேட்டால் எள்ளில் புரட்டிப் பொரித்தெடுத்த, பாசிப்பயறு பூரணம் வைத்த வேறோர் உருண்டை வரும். மலாய்க்காரர், ஜாவானியர், பெரனாக்கான் சீனர் என எல்லார் வீட்டிலும் இந்தப் பச்சை உருண்டை உண்டு. யாருடையது என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை, தீர்த்து வைத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. 2020 ஜூலையில் இந்தோனேசியச் சமூக ஊடகத்தில் கிளெப்போன் படத்தைப் போட்டு, 'இது இஸ்லாமியப் பண்டம் அன்று, பேரீச்சை வாங்குங்கள்' என்கிற மாதிரி ஒரு பதிவு கிளம்பியது. நாட்டு மக்கள் கிளெப்போனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். சில நாளைக்கு அதுவே பேச்சு. காசுக்கு ஐந்தாறு கிடைக்கிற ஓர் உருண்டைக்கு இத்தனை வழக்கறிஞர்கள்!

செய்முறை சின்னதுதான். ஒட்டரிசி மாவோடு வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்து, பாண்டான் இலைச் சாறு விட்டுப் பிசைய வேண்டும். கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் குழித்து, பொடியாகச் சீவிய குலா மலாக்காவை வைத்து மூட வேண்டும். மூடுவதில்தான் கைப்பழக்கம் தெரியும். மயிரிழை விரிசல் இருந்தாலும் பாகு கொதிநீரில் கசிந்து, உருண்டை வெறும் மாவாக மிதக்கும். மேலே மிதந்து வந்ததும் எடுத்துவிடுபவர் அவசரக்காரர். இன்னும் ஒரு நிமிடம் விட்டால்தான் உள்ளே இருக்கும் வெல்லம் முழுதாக உருகும். எடுத்ததும் சூட்டோடு துருவலில் புரட்டிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் சரக்கின் பெருமை. குலா மலாக்கா, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரை மணிக்கணக்காகக் காய்ச்சி, மூங்கில் குழாய்களில் ஊற்றி ஆறவிட்டு எடுப்பது. அதனால்தான் உருளை உருளையாகக் கடையில் அடுக்கியிருக்கும். கொஞ்சம் புகை வாசம், அடியில் மெல்லிய உப்பு. பனங்கருப்பட்டி தின்று பழகிய நாக்குக்கு விளக்கம் தேவையில்லை. கருப்பட்டியைப் போலவே இதிலும் சீனி கலந்து விற்பவர்கள் உண்டு. வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் சந்தேகப்படலாம். பாண்டான் இலை நமக்கு அந்நியம் இல்லை. இலங்கைச் சமையலில் கறிக்குப் போடும் ரம்பைதான் அது. பாஸ்மதி அரிசியை மணக்கச் செய்கிற அதே சேர்மம், 2-அசிட்டைல்-1-பைரோலின், இந்த இலையிலும் இருக்கிறது.

இப்படிப்பட்ட பண்டத்தை வைத்துப் பிறந்தநாள் கொண்டாட முடியாது என்பதுதான் சிக்கல். மெழுகுவத்தி செருக இடமில்லை. பெயர் எழுத இடமில்லை. கத்தி வைத்தால் பாகு ஓடிவிடும். எண்ணிக்கைக் கணக்கில் ஆளுக்கு நான்கு என்று கொடுக்கலாமே தவிர, ஒன்றை நடுவில் வைத்து எல்லாரும் சூழ்ந்து நின்று பாட முடியாது.

நடுவில் ஒன்றை வைத்து வெட்டிப் பகிர்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடாது. ஜாவாவில் மங்கல நாளுக்குக் கூம்பு வடிவில் குவிக்கும் மஞ்சள் சோறு தும்பெங். அதன் உச்சியை வெட்டி, வந்திருப்பவர்களில் மதிப்புக்குரியவருக்கு முதலில் கொடுப்பார்கள். மலாய்த் திருமணத்தில் மஞ்சள் நிற ஒட்டரிசிச் சோற்றைப் பாத்திரத்தில் எழுப்பி, முட்டையும் காகிதப் பூவும் செருகி வைப்பார்கள். மலாக்கா, சிங்கப்பூர் யுரேஷியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு மரபினர்) இன்னும் ஒரு படி போனவர்கள். ரவை, வெண்ணெய், பாதாம், நிறைய முட்டை மஞ்சள்கரு சேர்த்துச் செய்யும் சுஜி கேக்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும். சுஜி என்றால் நம் ரவைதான். ஐரோப்பியக் கேக்குக்குள் இந்திய மளிகை புகுந்து ஊர்க்காரனாகிவிட்ட கதை அது. ஆக, ஊர் மணத்தோடு ஒரு கொண்டாட்டக் கேக் என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

புதிதாக இருந்தது ஓவன். குவே என்று இங்கே பொதுப்பெயரில் வழங்கும் பலகாரங்களில் பெரும்பாலானவை ஆவியில் வெந்தவை, கொதிநீரில் வெந்தவை, அல்லது எண்ணெயில் பொரிந்தவை. வீட்டில் ஓவன் இருப்பது வசதிக்காரர் அடையாளமாக நெடுநாள் இருந்தது. ஓவன் வந்தபோதும் வெண்ணெய்க் கேக்கில் ஒரு சங்கடம் இருந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் கட்டையாகும்.

அங்கேதான் ஷிஃபான் கேக் உள்ளே வருகிறது. அதன் பிறப்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில். காப்புறுதி விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர் என்பவர் 1927-இல் அதைச் செய்து, ஹாலிவுட் வட்டாரத்துக்கு விற்றுவந்தார். இருபது ஆண்டுகள் யாரிடமும் மூச்சு விடவில்லை. 1947-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்ற பிறகுதான் ரகசியம் வெளியே தெரிந்தது: வெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய். அவ்வளவுதான். எண்ணெய் குளிரில் உறையாது, ஆகவே கேக் குளிர்பெட்டியிலும் பஞ்சாகவே இருக்கும். நீர் ஊற்ற வேண்டிய இடத்தில் தேங்காய்ப்பாலும் பாண்டான் சாறும் ஊற்றினால் ஊர் கேக் ஆகிவிடும். தென்கிழக்காசியச் சமையலறை அதைத்தான் செய்தது.

சிங்கப்பூரில் அந்தப் பச்சைக் கேக்கைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னால் சொல்ல வேண்டிய பெயர் அனஸ்தாசியா லியூ. இந்தோனேசியாவிலிருந்து வந்தவர். வீட்டில் சுட்ட கேக்குகளைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உரிமம் இல்லாமல் வீட்டுப் பண்டத்தைக் கடைக்கு விற்கக் கூடாது என்று தடை வந்ததும், 1979-இல் மரீன் டெரசில் சொந்தக் கடையே திறந்துவிட்டார். பெங்கவான் சோலோ. ஜாவாவின் ஓர் ஆற்றின் பெயர் அது. அந்த ஆற்றைப் பற்றிய பாட்டும் புகழ்பெற்றது. இன்று சாங்கி விமான நிலையத்தில் அந்தக் கடைப் பையோடு போகிறவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2017-இல் சிஎன்என் உலகக் கேக்குகளைப் பட்டியலிட்டபோது, சிங்கப்பூர், மலேசியாவின் பங்காக இடம்பிடித்தது பாண்டான் கேக்தான்.

இருந்தாலும் பாண்டான் ஷிஃபான் தேநீர் நேரத்துக் கேக். நடுவில் குழாய் வைத்த அச்சில் சுடுவதால் நட்டநடுவில் ஓட்டை. மேலே பூச்சு கிடையாது. பொட்டலத்தில் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போகலாம். பிறந்தநாள் மேசைக்கு அது ஒரு மாற்றுக் குறைவுதான். பிறந்தநாளுக்கு என்று வந்தால் பேக்கரியில் கிடைத்ததெல்லாம் சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி, பிளாக் ஃபாரஸ்ட். ஸ்ட்ராபெர்ரி காய்க்காத ஊரில் தலைமுறை தலைமுறையாக ஸ்ட்ராபெர்ரிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாமும் அப்படித்தானே.

இந்த நிலை மாறியது 2010-களில். 2015-இல் சிங்கப்பூர் தன் பொன்விழாவைக் கொண்டாடியது. பழைய பண்டம், பழைய பீங்கான் கோப்பை, பழைய மொசைக் தரை என்று ஊர் முழுக்கப் பழசின் மேல் ஒரு மோகம். காபிக்கடைகள் குரோசான்ட்டுக்குள் உப்பு முட்டைக் குழம்பை வைத்தன. 2017-இல் மெக்டொனால்ட்ஸ் நாசி லெமாக் பர்கர் விற்றது. உள்ளூர்ச் சுவையை வெளியூர் வடிவத்தில் ஊற்றிக் கொடுத்தால் வரிசை நிற்கும் என்று எல்லாருக்கும் விளங்கிய காலம் அது. ஓண்டே ஓண்டே கேக் அந்த அலையில் பிறந்தது. இன்னாரின் கண்டுபிடிப்பு என்று ஒருவர் கையில் கொடுத்துவிடக்கூடிய பண்டம் இல்லை. காபிக்கடைகளும் பேக்கரிகளும் வீட்டிலிருந்தே கேக் சுட்டு விற்பவர்களும் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் திருத்தித் திருத்தி உருவாக்கியது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சமையலறையிலிருந்து சிறிய அளவில் விற்க சிங்கப்பூரில் அனுமதி உண்டு. 2020 கொவிட் முடக்கத்தில் வீட்டு பேக்கர்களையும் சில வாரம் நிறுத்தச் சொல்லி, மே மாதத்தில் மறுபடி அனுமதித்தார்கள். விழா மண்டபங்கள் மூடிக்கிடந்த அந்த ஆண்டில் பலர் வீட்டுப் பிறந்தநாள் ஒரு சின்னக் கேக்கோடு முடிந்தது. ஆறேழு பேருக்குப் போதுமான 15 சென்டிமீட்டர் கேக்குக்கு அப்போது நல்ல கிராக்கி.

பெயர் வைப்பது சுலபம். பச்சைக் கேக்கின் மேல் தேங்காயைத் தூவிவிட்டு ஓண்டே ஓண்டே என்று எழுதி வைத்த கடைகளும் இல்லாமல் இல்லை. ஒழுங்காகச் செய்ய உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த உருண்டையில் இருக்கும் ஒவ்வொன்றும் கேக்குக்கு எதிரி என்று.

முதல் எதிரி பாகு. பஞ்சு போன்ற கேக்கின் மேல் பாகை ஊற்றினால் சற்று நேரத்தில் எல்லாம் உறிஞ்சிவிடும். அடி அடுக்கு சொதசொதவென்று சரியும், மேல் அடுக்கு காய்ந்து நிற்கும். அதனால் பாகைப் பாகாக வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். 200 கிராம் துருவிய தேங்காய்க்கு 120 கிராம் அளவில் குலா மலாக்கா, கொஞ்சம் நீர், முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை, சிட்டிகை உப்பு. ஈரம் வற்றும்வரை கிளற வேண்டும். தேங்காய் பழுப்பேறிப் பளபளக்கும்போது இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். இளஞ்சூட்டில் வைத்தால் கிரீம் உருகி அடுக்கு வழுக்கும். இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. பச்சை ஆப்பம்போலச் சுருட்டித் தரும் குவே டாடாருக்குள் இருக்கும் அதே பூரணம்தான். கேக்கின் ஓரத்தில் கிரீமை வரப்புப்போல் பிழிந்து, நடுவில் இந்தப் பூரணத்தைப் பரப்பி, அடுத்த அடுக்கை வைப்பார்கள். வரப்பு இல்லாவிட்டால் பூரணம் வெளியே பிதுங்கும்.

இரண்டாவது பச்சை நிறம். இலையை நீர் விட்டு அரைத்துப் பிழிந்த சாற்றை அப்படியே ஊற்றினால் கேக் வெளிறிப்போகும். சாற்றை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் அசையாமல் வைத்தால் கரும்பச்சை வண்டல் அடியில் தங்கும். மேல் நீரை இறுத்துக் கொட்டிவிட்டு வண்டலை மட்டும் எடுப்பவர்கள் கெட்டிக்காரர்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பச்சையம் சூட்டிலும் புளிப்பிலும் பழுத்த இலை நிறத்துக்குத் திரும்பும். வெள்ளைக்கரு நுரை நிற்பதற்காகச் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டார் ஒரு புளிப்பு. நுரை வேண்டுமா, நிறம் வேண்டுமா என்ற இடத்தில் பலர் கடைக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு பாண்டான் எசென்ஸை விட்டுச் சமாளிப்பார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குப்பிச் சரக்கை மட்டுமே நம்பி, இலையே இல்லாமல் சுட்டு, பட்டாணிப் பச்சையில் மினுக்குகிற கேக்கைத்தான் பார்க்கச் சகிக்காது.

மூன்றாவது தேங்காய். இந்த ஊர் வெக்கையில் பச்சைத் துருவல் அரைநாளில் நாறிவிடும். ஓண்டே ஓண்டே விற்பவர்கள் துருவலை உப்புப் போட்டு ஆவியில் சில நிமிடம் வைத்து எடுப்பார்கள், கெடுவது தள்ளிப்போகும். கேக்குக்கு அது போதாது. வெட்டும் நேரத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே கேக் தயாராகிவிடும். ஒரு கூட்டத்தார் உலர்ந்த துருவலை வறுத்து ஓரங்களில் ஒட்டுகிறார்கள். அழகாக இருக்கும், கரகரவென்று இருக்கும், ஆனால் அந்த ஈரம் போய்விடும். இன்னொரு கூட்டத்தார் ஆவி காட்டிய துருவலை மேலே மட்டும், அதுவும் கொடுப்பதற்குச் சற்று முன்னால் தூவுகிறார்கள். என் ஓட்டு இவர்களுக்கு. உப்பை மட்டும் இரு கூட்டத்தாரும் மறக்கக் கூடாது. குலா மலாக்காவின் இனிப்பு திகட்டாமல் இருப்பதே அந்தச் சிட்டிகை உப்பால்தான். உப்பில்லாத ஓண்டே ஓண்டே கேக் வெறும் இனிப்பு மூட்டை.

கடைசியாக, கேக் உச்சியில் அலங்காரத்துக்கு வைக்கும் அசல் உருண்டைகள். இங்கேதான் இரண்டு பண்டங்களும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. கிரீம் கெடாமல் இருக்கக் கேக் குளிர்பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். ஒட்டரிசி மாவோ குளிரில் விறைத்துப்போகும், உள்ளே பாகும் இறுகும். பெட்டியிலிருந்து எடுத்த உருண்டையைக் கடித்தால் பல்லுக்குத்தான் வேலை. கேக்கைக் கையில் கொடுக்கும் நேரத்தில் புதிதாக அவித்து மேலே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாவில் சீனியும் எண்ணெயும் கூட்டி மிருதுவாக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தனி டப்பாவில் கொடுத்து, 'வெட்டும்போது வையுங்கள்' என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு துண்டு வரும் கேக்கில் எட்டு உருண்டை வைத்து அனுப்பினால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பேக்கர் கவலைப்படுவதில்லை.

இவ்வளவையும் சமாளித்த பிறகும் ஒன்று கேக்குக்குள் வரவில்லை. அந்த வெடிப்பு. இலை மணம் வந்துவிட்டது, புகையும் வெல்லமும் வந்துவிட்டன, உப்புத் தேங்காய் வந்துவிட்டது. பல் பட்டதும் பீறிடும் அந்த நொடி மட்டும் அடுக்குக் கேக்கில் நடக்காது. சிலர் விடவில்லை. நடுவில் குழி தோண்டிப் பாகை நிரப்பி, வெட்டியதும் வழிகிறதுபோல் செய்தார்கள். சிலர் சின்னக் குப்பியில் பாகைத் தனியாகக் கொடுத்து மேலிருந்து ஊற்றச் சொன்னார்கள். படம் பிடிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஓண்டே ஓண்டேயின் வெடிப்பு அவரவர் வாய்க்குள், உதட்டை மூடிக்கொண்டு, அடுத்தவருக்குத் தெரியாமல் நடப்பது. கேக் என்பது கூட்டத்தின் நடுவில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடப்பது. மேசை முழுக்கப் பாகு வழிவதை வேடிக்கை பார்ப்பது வேறு சுகம். வெடிப்பை விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் கறாராகப் பிடித்துக்கொண்ட கேக்குகள்தான் நிலைத்திருக்கின்றன என்பது என் கணிப்பு. வெடிப்புக்காக மல்லுக்கட்டியவை ஒரு தடவை வாங்கியதோடு சரி.

'இது ஓண்டே ஓண்டேயே இல்லை' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரே ஒரு பதில்தான்: உருண்டையை யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஈரச்சந்தைக்குப் பக்கத்துக் குவே கடையில் அது இன்னும் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரிக் கேக்கின் இடத்தைத்தான் இந்தக் கேக் பிடித்திருக்கிறது.

நம்மவர்களுக்கு வேறொரு குறை. ஓண்டே ஓண்டேயில் அரிசி, கிழங்கு, இலை, வெல்லம், தேங்காய், உப்பு. முட்டை இல்லை, பால் இல்லை, நெய்கூட இல்லை. சுத்த சைவக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம். கேக் ஆனதும் அதில் ஐந்தாறு முட்டை. அலுவலகப் பிறந்தநாளில் மலாய் நண்பர்களுக்காக ஹலால் பார்த்து வாங்குவார்கள்; சைவச் சக ஊழியர் மட்டும், தனக்கு ஆகாததே இல்லாத பண்டத்தின் பெயரைத் தாங்கிய கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தயிர் சேர்த்து முட்டையில்லாமல் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். ஷிஃபானின் அந்த லேசு அதில் வராது, கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். தேங்காய்ப் பூரணம் அதைக் காப்பாற்றிவிடுகிறது.

தமிழர்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்த புட்டும் இடியாப்பமும் இங்கே தேங்காயோடும் வெல்லத்தோடும் சேர்ந்து ஊர்ப் பலகாரமாகிவிட்டன. இடியாப்பத்துக்கு இங்கே பெயர் புட்டு மாயம். சிறு தட்டில் குலா மலாக்காவை நடுவில் வைத்து ஆவியில் எடுக்கும் புட்டு பிரிங்கும் அந்தக் குடும்பம்தான். அதைக் கேக் ஆக்க முயல்பவர்களுக்கு என் அனுதாபம். தட்டிலிருந்து எடுத்த சூட்டில் அதைத் தின்றால்தான் உண்டு. ஆவி போனால் உதிரி மாவு.

மற்ற ஊர்ப் பண்டங்களும் கேக்காயின: செண்டோல் கேக் வந்தது, கறுப்பு ஒட்டரிசிக் கேக் வந்தது. இவற்றுக்கு நடுவே குவே சாலாட் மட்டும் வேறு வழியில் போயிருக்கிறது. அடியில் தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசி, மேலே பாண்டான் கஸ்டர்ட் என இரண்டே அடுக்கு. பெரிய தட்டில் ஆவியில் வேகவைத்துச் சதுரம் சதுரமாக வெட்டி விற்பது வழக்கம். இப்போது சிங்கப்பூரில் அதை வட்ட அச்சில் வேகவைத்து, வெட்டாமல் முழுசாக, பிறந்தநாளுக்கென்றே கேட்டு வாங்குகிறார்கள். மைதா வேண்டாம், கிரீம் வேண்டாம், ஓவன் வேண்டாம். அச்சு மாறியது, அவ்வளவே. மெழுகுவத்தியும் கஸ்டர்டில் உறுதியாக நிற்கிறது. கஸ்டர்டில் முட்டை உண்டு. சைவக்காரருக்கு அங்கேயும் கதவு சாத்தியிருக்கிறது.